தூக்கி வந்தவர்: மார்ட்டின் ஓமீராவின் கதை

அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்த எம்மவர்கள் எல்லோரும் அந்தக் கல்லைப் பார்த்திருப்போம். எந்தச் சிறிய ஊரென்றாலும் தபால் கந்தோருக்குக் கிட்டவோ, பூங்காவின் ஓரத்திலோ, பஸ் தரிப்பிடத்துக்கு முன்னாலோ ஒரு தூண் நிற்கும். அதில் 1914 – 1918 என்று வெட்டியிருக்கும். அதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். பஸ் வரும்வரைக்கும் அந்தப் பெயர்களைத் தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டி வாசித்து ஆங்கிலம் பழகியவர்களும் எங்களுக்குள் உண்டு.

ஏப்ரல் 25ஆம் திகதி கிட்ட வந்தால் பிள்ளைகள் பாடசாலையில் சிவப்புக் காகிதத்தில் பொப்பிப் பூச் செய்துகொண்டு வீட்டுக்கு வருவார்கள். "அப்பா, அன்சாக் நாள் எண்டால் என்ன?" என்று கேட்பார்கள். அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் 1915ஆம் ஆண்டு அன்றைய தினம் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் இறங்கின. அதை நினைவுகூரும் நாள் இது என்று சொல்லிவிட்டு விடலாம். ஆனால் அந்தத் தூணில் பெயர் உள்ளவர்களும், உயிரோடு திரும்பி வந்தவர்களும் யார்? எல்லோரும் இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களா?

இல்லை. அவர்களில் பல ஆயிரம் பேர் எங்களைப் போல் கப்பலேறி வந்தவர்கள். ஊரில் நிலமில்லாமல், வேலையில்லாமல் வெளிக்கிட்டு வந்து, சுரங்கத்திலும் காட்டிலும் தண்டவாளத்திலும் கூலி வேலை செய்துகொண்டிருந்தவர்கள். அப்படிப்பட்ட ஒருவரின் கதையைத்தான் இம்முறை எழுதுகின்றோம். அவர் பெயர் மார்ட்டின் ஓமீரா. அயர்லாந்துக்காரர்.

அயர்லாந்தின் ரிப்பரறி மாவட்டத்தில், ஷனன் ஆற்றுக்குச் சற்றுத் தூரத்தில், லோரா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்தப் பகுதியில் 1885ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஓமீரா பிறந்தார். அவர் பிறப்பதற்கு 40 வருடங்களுக்கு முன்பு, 1845இல், அந்த நாட்டின் உருளைக்கிழங்குப் பயிருக்கு நோய் பிடித்தது. அங்கே ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் சோறு. அடுத்தடுத்த வருடங்களில் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். அதைவிடக் கூடிய தொகையினர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். பஞ்சம் முடிந்த பிறகும் இந்த வெளியேற்றம் நிற்கவில்லை. குடும்பத்தில் ஒருவர் காணியை வைத்துக்கொள்ள, மற்றவர்கள் கப்பலேறுவது என்பது வழக்கமாகிவிட்டது.

அந்த மக்களிடம் இருந்த ஒரு பழக்கத்தைப் பற்றி வாசித்தபோது எங்களுக்கு நெஞ்சு கனத்தது. பிள்ளை ஒன்று கடல் கடந்து போகப் போகிறது என்றால், முதல் நாள் இரவு செத்த வீட்டில் விழித்திருப்பது போலவே ஊர்ச்சனம் அந்த வீட்டில் கூடி விடிய விடிய விழித்திருக்குமாம். சாப்பாடு, பாட்டு, ஆட்டம் எல்லாம் இருக்கும். இடையிடையே ஒப்பாரியும் இருக்கும். போகிறவர் உயிரோடுதான் இருக்கிறார். ஆனால் திரும்பி வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களில் பலருக்கு அப்படி ஒரு இரவுகூடக் கிடைக்கவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல்தானே வெளிக்கிட்டோம்.

ஓமீரா கப்பலுக்குக் காசு கட்டிப் பயணியாக வரவில்லை. கப்பலின் அடித்தட்டில் நிலக்கரி அள்ளிப் போடும் வேலையைச் செய்துகொண்டே அவுஸ்திரேலியாவுக்கு வந்தார். முதலில் தெற்கு அவுஸ்திரேலியாவில் இறங்கி, பிறகு மேற்கு அவுஸ்திரேலியாவுக்குப் போனார்.

மேற்கே ஏன் போனார்கள் என்பதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: தங்கம். 1892இல் கூல்கார்டியில் தங்கம் கண்டெடுத்தார்கள். அடுத்த வருடம் ஜூன் மாதம் கல்கூர்லியில் கண்டெடுத்தவர்கள் மூன்று பேர். பற்றிக் ஹனன், தொமஸ் பிளனகன், டானியல் ஷே. மூவரும் அயர்லாந்தில் இருந்து வந்தவர்கள். ஹனனின் ஊர் ஓமீராவின் ரிப்பரறிக்கு அடுத்த மாவட்டமான கிளெயர். இன்றைக்கும் கல்கூர்லியின் பெரிய தெருவுக்கு ஹனன் பெயர்தான். அங்கே தண்ணீர் இல்லை. பேர்த் நகரத்துக்குக் கிட்ட அணை கட்டி, 500 கிலோமீற்றருக்கு மேல் குழாய் போட்டு, 1903இல் தண்ணீர் கொண்டு போனார்கள். அந்தத் திட்டத்தை வகுத்த எஞ்சினியர் ஓகொனரும் அயர்லாந்தில் பிறந்தவர்தான்.

தங்கம் வந்தால் ரயில் வரும். ரயில் வந்தால் சிலிப்பர் கட்டை வேண்டும். தங்க வயல் உள்ள கல்கூர்லியையும் தெற்கு அவுஸ்திரேலியாவின் போர்ட் ஒகஸ்ராவையும் இணைக்கும் பாலைவன ரயில்பாதையை 1912இல் தொடங்கி 1917இல் முடித்தார்கள். நீளம் ஏறக்குறைய 1,700 கிலோமீற்றர். அதற்கு மட்டும் 25 இலட்சம் சிலிப்பர் கட்டைகள் போயின. தங்கம் தோண்டியவர்களின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. கட்டை வெட்டியவர்களின் பெயர் எங்கே இருக்கிறது?

ஓமீரா கட்டை வெட்டினார். பேர்த்துக்குத் தெற்கே கொலி என்ற நிலக்கரி ஊரைச் சுற்றி யாரா என்ற மரம் அடர்ந்த காடு இருக்கிறது. எங்கள் ஊர்ப் பாலை மரம் போல் கடுமையான மரம். கறையான் இலேசில் தொடாது. வெட்டினால் உள்ளே இரத்தச் சிவப்பு. கோடாலியாலும் இரண்டு பேர் இழுக்கும் பெரிய வாளாலும் மரத்தை விழுத்தி, அளவுக்குத் துண்டு போட்டு, ஆப்பு இறுக்கிப் பிளந்து, அகன்ற கோடாலியால் நான்கு பக்கமும் செதுக்கிச் சதுரமாக்க வேண்டும். சம்பளம் நாளுக்கு அல்ல, கட்டைக்கு. பரிசோதகர் வந்து அளந்து பார்த்து ஏற்றுக்கொண்ட கட்டைக்குத்தான் காசு. வெடிப்பு இருந்தால், ஒரு பக்கம் குறைந்திருந்தால், செய்த வேலை விறகுக்குத்தான். காட்டுக்குள் கூடாரம், தகரப் பேணியில் தேத்தண்ணி. தொழிற்சாலையில் துண்டுக் கணக்குக்கு வேலை செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

சிலிப்பர் கட்டை என்றதும் எங்கள் வாசகர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் கட்டையும் எங்கே போயின என்று எல்லோருக்கும் தெரியும். பங்கருக்கு மேலே அடுக்கி மண் போட்டு, அதற்குக் கீழே இருந்துதான் நாங்கள் ஷெல்லுக்குத் தப்பினோம். ஓமீரா கட்டை வெட்டியவர். போய் நின்றதும் பதுங்குகுழியில்தான்.

1915 ஓகஸ்ட் 19ஆம் திகதி அவர் படையில் சேர்ந்தார். வயது 29. அந்த நேரம் அவுஸ்திரேலியாவில் கட்டாய ஆட்சேர்ப்பு இல்லை. போனவர்கள் எல்லோரும் தாங்களாகவே போனவர்கள். சாதாரண சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு 6 ஷில்லிங் சம்பளம். போர் தொடங்கியபோது பிரித்தானியச் சிப்பாய்க்குக் கிடைத்தது 1 ஷில்லிங். கட்டை விலை போகாத காலத்தில் 6 ஷில்லிங் சின்னக் காசு அல்ல. தேசப்பற்று என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பேசமாட்டார்கள். கூட வேலை செய்த பெடியன்கள் போகிறார்கள், நாமும் போவோம் என்று போனவர்களும் ஏராளம்.

அவர் சேர்ந்தது 16ஆவது பற்றாலியன். அதன் ஆட்களில் நான்கில் மூன்று பங்கு மேற்கு அவுஸ்திரேலியர், மீதி தெற்கு அவுஸ்திரேலியர். தங்க வயல் சுரங்கத் தொழிலாளர், மரம் வெட்டுவோர், பண்ணைக் கூலிகள் என்று கையில் காய்ப்பு உள்ளவர்களின் படை அது. கலிப்பொலியில் முதல் நாளே இறங்கிய அந்தப் படை, ஒரு கிழமைக்குள் தன் பாதி ஆட்களை இழந்தது. ஓமீரா 1916 மார்ச்சில் எகிப்தில் போய்ச் சேர்ந்தபோது, செத்தவர்களின் இடத்தை நிரப்பப் போன ஆட்களில் ஒருவராகத்தான் போனார். அந்த வருடம் ஜூன் மாதம் எல்லோரையும் பிரான்சுக்குக் கொண்டு போனார்கள்.

பிரான்சில் பொசியேர் என்று ஒரு கிராமம். சின்னக் கிராமம், ஆனால் மேட்டில் இருந்தது. மேடு யாருடைய கையில் இருக்கிறதோ அவருக்குச் சுற்றியுள்ள வெளி முழுவதும் தெரியும். அதனால் அதைப் பிடிப்பதற்கு அவுஸ்திரேலியப் படையை ஜூலை 23ஆம் திகதி இறக்கினார்கள். ஆறு கிழமைக்குள் ஏறக்குறைய 23,000 அவுஸ்திரேலியர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். செத்தவர்கள் மட்டும் 7,000 பேர் அளவில். கலிப்பொலியில் எட்டு மாதத்தில் இழந்த தொகைக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகையை இங்கே ஒன்றரை மாதத்தில் இழந்தார்கள். ஜெர்மன் பீரங்கிகள் மூன்று பக்கமும் நின்று அடித்தன. வீடுகள் போய், மரங்கள் போய், கடைசியில் கிராமம் இருந்த இடம் என்று காட்டுவதற்குச் செங்கல் தூள்தான் மிஞ்சியது. தோண்டிய பதுங்குகுழி மூடிப்போகும். மூடிய மண்ணைத் தோண்டினால் ஆள் இருக்கும். அவரை இழுத்து எடுப்பதற்குள் அடுத்த ஷெல் வந்து இழுத்தவரையும் சேர்த்து மூடும்.

ஷெல் அடி என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. கூவிக்கொண்டு வருகிற சத்தம் தலைக்கு மேலால் போனால் மூச்சு விடுவது, சத்தம் நின்றுவிட்டால் முகத்தை மண்ணில் புதைப்பது எல்லாம் எங்களுக்குத் தெரிந்தவை. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அந்த அடிக்குள் பதுங்குகுழியை விட்டு வெளியே போவதற்கு என்ன மனம் வேண்டும்?

ஓமீரா போனார். ஒரு தரம் அல்ல. 1916 ஓகஸ்ட் 9ஆம் திகதி தொடக்கம் 12ஆம் திகதி வரை நான்கு நாட்கள். பொசியேருக்கும் மூக்கே பண்ணைக்கும் இடைப்பட்ட வெளியில் அவருடைய பற்றாலியன் முன்னேறியிருந்தது. இரண்டு படைக்கும் நடுவில், ஒருவருக்கும் சொந்தமில்லாத அந்த நிலத்தில், காயப்பட்டவர்கள் கிடந்து தண்ணீர் கேட்டார்கள். ஓமீரா தவழ்ந்து போய் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறகு இன்னொருவர். பிறகு இன்னொருவர். இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் போய் வந்துகொண்டேயிருந்தார். இருபது பேருக்கு மேல் அவரால் உயிர் தப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. முன்வரிசைக்குத் தோட்டாவும் குண்டும் தீர்ந்து போனபோது, அதையும் தானாகவே முன்வந்து ஷெல் அடிக்குள்ளால் சுமந்து கொண்டு போனார். ஆபிசரைத் தூக்கினார், சாதாரண சிப்பாயையும் தூக்கினார். 12ஆம் திகதி அவருக்கும் காயம்பட்டது.

எங்களுக்குப் பிடித்தது இதில் ஒரு விசயம். விக்ரோறியா சிலுவை என்பது பிரித்தானியப் பேரரசு கொடுத்த மிக உயர்ந்த வீரப் பதக்கம். அதை வாங்கியவர்களில் பலர், எத்தனை பேரைக் கொன்றார், எந்தத் துப்பாக்கி நிலையைப் பிடித்தார் என்ற கணக்கில் வாங்கியவர்கள். ஓமீராவின் பதக்கத்தோடு வெளியான அறிவித்தலில் அவர் ஒருவரையும் கொன்றதாக இல்லை. காயப்பட்டவரைச் சுமந்தார், சாமான் சுமந்தார், அவ்வளவுதான். காட்டில் கட்டை சுமந்த தோள். அந்த அறிவித்தல் 1916 செப்ரெம்பர் 9ஆம் திகதி வந்தது. 1917 ஜூலை 21ஆம் திகதி லண்டனில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தன் கையால் பதக்கத்தைக் குத்தினார்.

இதற்குள் அவருடைய சொந்த நாட்டில் வேறு கதை நடந்துவிட்டது. 1916 ஏப்ரல் 24ஆம் திகதி டப்ளின் நகரத்தில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக ஒரு கிளர்ச்சி வெடித்தது. ஒரு கிழமைக்குள் அதை அடக்கினார்கள். அதற்குப் பிறகு தலைவர்களை ஒருவர் பின் ஒருவராகச் சுட்டுக் கொன்றார்கள். அதுவரை கிளர்ச்சிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்த சனமே அந்தத் துப்பாக்கிச் சத்தத்தோடு மனம் மாறியது. பிரித்தானிய மன்னருக்காகச் சண்டைக்குப் போன அயர்லாந்துப் பிள்ளைகளைக் கை தட்டி வழியனுப்பிய ஊர்கள், அவர்கள் திரும்பி வந்தபோது எப்படி முகம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றன. பிறகு நெடுங்காலம் அவர்களைப் பற்றிப் பேசாமலே விட்டுவிட்டார்கள். அவுஸ்திரேலியாவிலும் அயர்லாந்துக்காரர் நிம்மதியாக இருக்கவில்லை. கட்டாய ஆட்சேர்ப்பு வேண்டுமா என்று 1916இலும் 1917இலும் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு தரமும் வேண்டாம் என்று முடிவு வந்தது. வேண்டாம் என்றவர்களில் அயர்லாந்துக் கத்தோலிக்கர் நிறையப் பேர் என்பதால், அவர்கள் துரோகிகள் என்ற பேச்சும் வந்தது. ஒரே மனிதர், ஓரிடத்தில் மன்னரின் வீரன், ஓரிடத்தில் மன்னரின் கூலி, இன்னோரிடத்தில் நம்பக்கூடாத இனத்தான்.

ஓமீரா மறுபடியும் போர்முனைக்குத்தான் போனார். 1917இல் இன்னும் இரண்டு தரம் காயப்பட்டார். போர் முழுவதிலும் மூன்று தரம். ஒவ்வொரு தரமும் வைத்தியசாலை, பிறகு திரும்பவும் பதுங்குகுழி. 1918 ஓகஸ்டில் சார்ஜன்ற் ஆக்கினார்கள். அந்த வருடம் நவம்பர் மாதம் மேற்கு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலில் வந்து இறங்கினார். அதே மாதம் 11ஆம் திகதி போர் முடிந்தது.

அவருக்கு முடியவில்லை.

வந்து இறங்கிய கொஞ்ச நாட்களுக்குள் அவருடைய மனம் உடைந்தது. இல்லாத சத்தம் காதில் கேட்டது, இல்லாத உருவம் கண்ணில் தெரிந்தது. மற்றவர்களுக்கும் தனக்கும் ஆபத்தானவர் என்று வைத்தியர்கள் எழுதினார்கள். 1919 தொடக்கத்தில் பேர்த்தில் உள்ள கிளேர்மொன்ற் மனநோய் வைத்தியசாலையில் சேர்த்தார்கள். கைகளை அசைக்க முடியாதபடி கட்டிவைக்கும் உடுப்புக்குள் அவரை வைத்திருந்த காலமும் உண்டு. இருபது பேருக்கு மேல் தூக்கி வந்த கைகள் அவை.

1926இல் போர்வீரர்களுக்கென்று லெம்னோஸ் என்ற பெயரில் ஒரு மனநோய் வைத்தியசாலையைப் பேர்த்தில் திறந்தார்கள். அங்கேயும் இருந்தார். கடைசியில் மறுபடியும் கிளேர்மொன்ற். 1935 டிசெம்பர் 20ஆம் திகதி அங்கேயே இறந்தார். வயது 50. கலியாணம் செய்யவில்லை. போர்முனையில் இருந்தது மூன்று வருடத்துக்குக் குறைவு. வைத்தியசாலைக்குள் இருந்தது 17 வருடம். இராணுவ மரியாதையோடு கரகட்டா மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்தக் காலத்து வைத்தியத்துக்கு இந்த நோயைப் பற்றி அதிகம் தெரியாது. 1915இல் சாள்ஸ் மயர்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர்தான் ஷெல் அதிர்ச்சி என்ற பெயரை முதலில் வைத்திய சஞ்சிகையில் எழுதினார். பக்கத்தில் ஷெல் வெடிக்கும்போது மூளை குலுங்குவதால் இது வருகிறது என்று முதலில் நினைத்தார்கள். பிறகு பார்த்தால், ஷெல்லே விழாத இடத்தில் நின்றவர்களுக்கும் கை நடுங்கியது, பேச்சு நின்றது. கோழைத்தனம் என்று சொன்ன ஆபிசர்களும் இருந்தார்கள். தப்பியோடினார்கள், கோழைகள் என்று குற்றஞ்சாட்டிப் பிரித்தானிய இராணுவம் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் நோயாளிகள் என்று இப்போது சொல்கிறார்கள். 2006இல் பிரித்தானிய அரசு அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. அவுஸ்திரேலியா மட்டும் தன் சிப்பாய்களை அப்படிச் சுட விடவில்லை. இன்றைக்கு வைத்தியர்கள் பயன்படுத்தும், பெருந்துயருக்குப் பின்வரும் மனவடு நோய் என்ற பெயர் 1980இல்தான் அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேட்டில் ஏறியது. ஓமீரா இறந்து 45 வருடங்களுக்குப் பிறகு.

கோழை என்று சொல்கிறவர்களுக்கு ஓமீராவைக் காட்டினால் போதும். நான்கு நாட்கள் ஷெல்லுக்குள் தவழ்ந்தவர் கோழையா?

எங்கள் இறைச்சித் தொழிற்சாலையில் சில வேளை இரும்புத் தட்டு ஒன்று கைதவறி நிலத்தில் விழும். நூறு பேர் வேலை செய்கிற இடத்தில் சட்டென்று குனிகிறவர்கள் யாரென்று பார்த்தால், அது நாங்கள்தான். பிறகு ஆளையாள் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். ஆனால் வீட்டில் இரவு நடப்பதை ஒருவரும் சிரித்துப் பேசுவதில்லை. நித்திரையில் கத்துகிற அப்பா, கதவு பூட்டியிருக்கிறதா என்று ஐந்து தரம் பார்க்கிற அம்மா, பட்டாசு நாளில் கட்டிலுக்குக் கீழே போகிற தாத்தா. கேட்டால் "ஒண்டுமில்லை, சும்மா" என்பார்கள். விசர் என்று சனம் சொல்லிவிடும், பிள்ளைக்குச் சம்பந்தம் வராது, விசாவுக்குக் கரைச்சல் வரும் என்று எத்தனை பயம். கோயிலில் நூல் கட்டுவது வரைக்கும் போவோம், வைத்தியரிடம் போகமாட்டோம்.

ஓமீராவுக்கு இல்லாத வசதி எங்களுக்கு இருக்கிறது. சித்திரவதையாலும் போராலும் பாதிக்கப்பட்ட அகதிகளுக்கென்றே இந்த நாட்டில் நிலையங்கள் இருக்கின்றன. சிட்னிப் பக்கம் ஸ்ராட்ஸ், மெல்பேர்ண் பக்கம் பவுண்டேஷன் ஹவுஸ், ஓமீரா வாழ்ந்து மடிந்த பேர்த்தில் அசெற்ஸ். மற்ற மாநிலங்களிலும் இப்படி உண்டு. குடும்ப வைத்தியரிடம் சொன்னால் வழி காட்டுவார். ஆங்கிலம் வராதென்று தயங்க வேண்டாம். 131 450 என்ற இலக்கத்துக்கு அடித்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் எடுத்துத் தருவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணை, பல வருடம் நித்திரையில்லாமல் இருந்தவர், மனைவி இழுத்துக்கொண்டு போய்த்தான் போனார். "கதைச்சு என்ன வரப்போகுது எண்டு நினைச்சன். பன்னிரண்டு தரம் போனன். இப்ப நாலு மணித்தியாலம் படுக்கிறன்" என்றார். எட்டு மணித்தியாலம் அல்ல, நாலுதான். ஆனால் அவருக்கு அது பெரிய நாலு.

ஓமீராவின் பதக்கத்துக்கு ஒரு பயணம் மிஞ்சியிருந்தது. இப்போது அது பிரிமான்ரிலில் உள்ள மேற்கு அவுஸ்திரேலிய இராணுவ நூதனசாலைக்குச் சொந்தம். அவுஸ்திரேலியருக்குக் கிடைத்த விக்ரோறியா சிலுவைகளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சட்டம் விடாது. ஆனாலும் விசேட அனுமதி எடுத்து, 2019இல் அதை டப்ளினில் உள்ள அயர்லாந்துத் தேசிய நூதனசாலைக்கு இரவலாகக் கொடுத்தார்கள். மன்னரின் பதக்கம் என்று ஒரு காலத்தில் முகம் திருப்பிய நாடு, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தது. அவர் போர்முனைக்குப் போய் நூறு வருடத்துக்கு மேல் சென்ற பிறகு நடந்த காரியம் இது.

இன்னொன்றும் உண்டு. ஓமீரா ஒரு மரண சாசனம் எழுதி வைத்திருந்தார். லோராவில் பழைய துறவிமடம் ஒன்று இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் கட்டியது. பிறகு நூற்றாண்டுக் கணக்காகக் கூரை இல்லாமல் சுவர் மட்டும் நிற்கிறது. சின்ன வயதில் தினமும் கண்ணில் பட்ட கட்டடம். தன் காசு அதைத் திருத்திக் கட்டுவதற்குப் போகட்டும் என்று எழுதியிருந்தார். கட்டை வெட்டிய காசும் 6 ஷில்லிங் சம்பளமும் சேர்த்து எவ்வளவு வரும்? மடத்தைத் திருத்த அது காணாது என்று கண்டார்கள். அதனால் அந்தக் காசை எடுத்து, ஊரில் சனம் பூசைக்குப் போகிற கோயிலைத் திருத்தினார்கள். இடிந்த மடம் கூரையில்லாமல் அப்படியே நிற்கிறது. கோயில் அதற்குப் பக்கத்தில்தான்.